உமி மாஸ்டரின் மிதிவண்டிப் பீப்பாய்

வாவிப் பக்கமிருந்து அடிக்கிற உப்புக்காற்றை எதிர்த்துத் தனியாளாகச் சண்டை பிடித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அமிர்தகழி ஒழுங்கையில் இருந்த உமி மாஸ்டர். நாட்டில் நடந்த மற்றச் சண்டையைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார். துருவைப் பற்றிக் கேட்டால் மட்டும் உங்கள் சோறு ஆறிப்போகும்வரை விடமாட்டார்.

மாஸ்டர் என்றாலும் அவர் எங்கேயும் படிப்பித்தவர் இல்லை. கல்குடாவில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதியொன்றில் தண்ணிப் பம்பும் மின்விசிறியும் திருத்தினவர். காலி, மாத்தறைப் பக்கத்துச் சமையல்காரரோடு ஒரே அறையில் வருசக்கணக்காக இருந்தவர். சண்டை தொடங்கி வெள்ளைக்காரர் வராமல் போனதும் முதலாளி விடுதியைப் பூட்டினார். வேலைக்காரரைக் கூப்பிட்டு, விருப்பமானதை எடுத்துக்கொண்டு போங்க என்றாராம். ஒருவன் கட்டில் எடுத்தான், ஒருவன் அலுமாரி எடுத்தான். எங்கட ஆள் லொறியில் வைக்கோலைப் போட்டு மூடி ஒரு பின்போல் மெசினைக் கொண்டு வந்து இறக்கினார்.

நாலு காலில் நிற்கிற சாய்வு மேசை, அதன்மேல் கண்ணாடி. கம்பிச்சுருளை இழுத்து விட்டால் கோலிக்குண்டு மாதிரி உருக்குப் போளை ஒன்று மேலே ஓடி, அங்கே இங்கே முட்டி மோதிக் கீழே வரும். கடற்கரையில் கிடந்து கிடந்து அதன் கால், கம்பி, ஆணி எல்லாம் கருவாட்டு நிறத்துக்கு வந்திருந்தது. அவருடைய மனுசி கனகம் மாமி லொறியடியிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டா. கரண்டே இல்லாத ஊரில் இது என்னத்துக்கு என்று ஊரே கேட்டது. அவர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

“கரண்ட் வரும் மனே. வரக்குள்ள இது துருப்பிடிச்சு நிக்கக் கூடாது.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் புளித்த நெடிதான். மெசினைக் கழற்றி, ஆணி ஆணியாகத் தென்னங்கள்ளு வினாகிரியில் ஊறப்போட்டார். துரு கழன்றதும் சாம்பல் தண்ணியில் அலசி வெயிலில் காயவைப்பார். மறுகா, அதாவது அதற்குப் பிறகுதான், உமி. ஆலையில் இருந்து சாக்குச் சாக்காக உமி வரும். அதைச் சின்னப் பீப்பாய் ஒன்றில் நிரப்பி, ஓட்டுத்தூள் கொஞ்சம் சேர்த்து, ஆணிகளையும் கம்பிகளையும் போட்டு மூடுவார். பீப்பாயைச் சுற்றுவது ஒரு பழைய சைக்கிள். பீப்பாய் சுழலச் சுழல உமி உரசி உரசி, சாமான் வெள்ளிமாதிரி வெளியில் வரும். தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் வேலை முடிந்தது.

சைக்கிளை மிதிப்பது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தவன்தான். அந்த வீட்டுச் சட்டம் அது. யாராக இருந்தாலும் முதலில் ஏறி மிதிக்கவேண்டும், கதையெல்லாம் அதற்குப் பிறகு. தபால்காரர் மிதித்தார். கல்யாணம் பேச வந்த தரகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். கோயில் நன்கொடை கேட்டு வந்த வண்ணக்கர் மூச்சு வாங்க மிதித்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்துபோனார்.

துரு கண்ட இடத்தில் கை சும்மா இராது. ஒருநாள் தன் வீட்டு வாசற்கதவின் பிணைச்சல்களையே கழற்றிப் பீப்பாயில் போட்டுவிட்டார். அடுத்தநாள் விடியச் சுற்றிவளைப்பு. கதவை உதைக்கக் காலைத் தூக்கிய ஆமிக்காரன், சும்மா சாத்தியிருந்த கதவோடு சேர்ந்து உள்ளே போய் விழுந்தான். மாமி பயத்தில் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாவாம்.

அப்படி ஒரு சுற்றிவளைப்பில்தான் என்னையும் கொண்டுபோனார்கள். கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற என்னை முகமூடி போட்ட தலையாட்டி ஒருவன் காட்டிக்கொடுத்தான். உள்ளே நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. விட்டுவிட்டார்கள், உயிரோடு வந்தேன். ஆனால் வாய் வரவில்லை. தொண்டையில் நோவில்லை, நாக்கிலும் குறையில்லை, சொல்லுத்தான் வரமாட்டேன் என்றது. வந்தவர்கள் எல்லாம் என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டார்கள். என் மனுசி சாந்தி ஒன்றும் கேட்காமல் அடுப்படியில் இருந்து அழுவாள். இப்படியே ஊமையாகப் போய்விடுவேனோ என்று நானே பயந்துவிட்டேன்.

ஒருநாள் சாந்தி ஒரு துருப்பிடித்த பூட்டை என் கையில் வைத்து, மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வரச்சொன்னாள். போனேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. சைக்கிளைக் காட்டினார்.

“மிதி மனே.”

மிதித்தேன். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். பீப்பாய் கடகடக்கும், அவர் துருவைப் பற்றிக் கதைப்பார், நான் மிதிப்பேன். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த மனிதர். இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தக் கடகடச் சத்தம்தான் ஒரு பின்னேரம் ரோந்து போன ஆமிக்காரரைக் கூட்டி வந்தது. நான் மிதிப்பதை நிறுத்தினேன். பீப்பாயைத் திறக்கச் சொன்னார்கள். ஒருவன் உமிக்குள் கையை விட்டுத் துழாவி, பளபளவென்று ஒரு உருக்குப் போளையை எடுத்தான். கண்ணிவெடிக்குள் இரும்புப் போளை வைக்கிற காலம் அது. துவக்கு மாஸ்டரின் நெஞ்சுக்கு நேரே வந்தது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

மாஸ்டர் இரண்டு கையையும் விரித்தார்.

“எனக்குச் சிங்களம் தெரியா. அவனுக்குத் தெரியும்” என்று தமிழில் சொல்லி என்னைக் காட்டினார்.

எனக்குத் தெரியும்தான். சண்டைக்கு முன்பு அநுராதபுரத்துக் கந்தோரில் வேலை பார்த்தவன் நான். ஆனால் வாய்? துவக்குக்காரன் திரும்பவும் கேட்டான். மாமி வாசலில் நின்று கும்பிடுகிறா. மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஏதோ பஸ் வரும் என்று நிற்கிறவர்மாதிரி. சைக்கிளில் இருந்து இறங்கினேன்.

“சேர், மேக்க செல்லம் படுவக்.”

இது விளையாட்டுச் சாமான், சேர். இவ்வளவு காலத்துக்குப் பிறகு என் வாயால் வந்த முதல் வசனம் அதுதான். அதற்குப் பிறகு அடைபட்டிருந்தது எல்லாம் கொட்டியது. கல்குடா, விடுதி, வினாகிரி, உமி எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் போளையை வாங்கி, திரும்பப் பொருத்தி வைத்திருந்த மெசினில் போட்டுக் கம்பிச்சுருளை இழுத்து விட்டார். கரண்ட் இல்லாமலே அது மினுங்கிய கம்பிகளில் முட்டி முட்டி இறங்கியது. துவக்குக்காரன் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு இன்னொருமுறை இழுத்தான். போகும்போது, இனிச் சத்தம் போடுவதென்றால் காவலரணில் சொல்லிவிட்டுப் போடுங்கள் என்றான்.

வீட்டுக்கு ஓடிப்போய் சாந்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நடந்ததைக் கேட்டு அழுது முடித்துவிட்டு, வாய் திறந்ததே சிங்களத்திலயா என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது.

ஒருநாள் கரண்டும் வந்தது. மெசினில் லைட் எரிந்தது, மணி அடித்தது, ஒழுங்கையே கூடி விளையாடியது. அந்தக் கூட்டத்துக்குள் ஊர் ஊராகப் பாய் விற்றுவரும் சிங்கள வியாபாரி ஒருவர் வந்து நின்றார். மாஸ்டர் அவரோடு கதைக்கத் தொடங்கினார். பகிடி விட்டார், விலை பேசினார், மாத்தறையில் ஆரையோ சுகம் விசாரித்தார். எல்லாம் தண்ணிபட்ட பாடாகச் சிங்களத்தில். என்னுடையது அதற்குக் கிட்டவும் வராது.

துவக்கு நெஞ்சில் நிற்கும்போது, சிங்களம் தெரியா என்று கையை விரித்த மனிதர் இவர். வியாபாரி போனதும் பக்கத்தில் போய், “அண்டைக்கு ஏன் மாஸ்டர் அப்படிச் சொன்னீங்க? நான் கதைக்காம விட்டிருந்தா?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பீப்பாய் மூடியை இறுக்கிக்கொண்டே சைக்கிளைக் காட்டினார்.

“மிதி மனே. கதைய மறுகா பாப்பம்.”

கண் கலங்கி வழி தெரியவில்லை. தட்டித்தடவி ஏறி மிதித்தேன்.