வேந்தனுக்கு யார் மேல் கண்?

மாப்பிள்ளையின் தலைப்பாகை குதிரையின் வாயில் இருந்தது. மாப்பிள்ளை நிர்மல் சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"காயடிச்ச குதிர, பச்சக் கொழந்தன்னு சொன்னியே நைனா! இதுவா கொழந்த?" என்று எகிறினார் பெண்ணின் அப்பா ரவிச்சந்திரன்.

பாவம், குதிரைக்காரன் தமிழரசு! கல்யாண ஊர்வலத்துக்கென்றே ஆசை ஆசையாக வாங்கிய வெள்ளைக் குதிரை வேந்தன். ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு செல்ஃபிக்காகத் தமிழரசின் தோளில் கை போட்டார், அவ்வளவுதான். வேந்தன் காதை மடக்கி, கனைத்துக்கொண்டு, சாட்சாத் காயடிக்காத பொலிகுதிரை மாதிரி பாய்ந்துவிட்டது.

அம்பத்தூரிலிருந்து திருமழிசை வரை தமிழரசும் குதிரையும் தலையைத் தொங்கப் போட்டபடி நடந்தே வந்தார்கள். வாசலில் மனைவி கலைவாணி நின்றிருந்தாள்.

"இன்னாய்யா, இன்னிக்கு யாரக் கட்ச்சிது?"

"கடிக்கலடி. தலப்பாகயத்தான்..."

"உனக்கு டீ குடுக்க வந்தப்போ என் தோளக் கவ்வுச்சே, அதுக்கும் இத்தான் சொன்ன!"

எல்லாம் பக்கத்துத் தெரு ஜமீலா வளர்க்கும் பெட்டைக் குதிரையால் வந்த வினை என்று தமிழரசு முடிவு கட்டினான். கெஞ்சிக் கூத்தாடி அதைக் கோவில்பதாகைக்கு அனுப்ப வைத்தான். மறுநாளே, அவனிடம் பேசிக்கொண்டிருந்த சிலிண்டர்காரரை வேந்தன் தெருமுனை வரை துரத்தியது.

"பெட்ட வாசன இன்னும் காத்துல கீது போல" என்று அதன் மூக்கில் தன் கையாலேயே தைலம் தடவினான். காலையும் மாலையும் வாக்கிங் கூட்டிப் போனான். தனிமைதான் வெறி ஏற்றுகிறதோ என்று, கடைசியில் கட்டிலைத் தூக்கிக் கொட்டகையிலேயே போட்டுக்கொண்டான். அதன்பின் கலைவாணியால் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்க முடியவில்லை.

அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"கட்டுன புருசனாண்ட ஒரு வார்த்த பேச முடியல. நானா, அதுவா? நீயே சொல்லிடு. நான் பூந்தமல்லிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

"நீ போய்ட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?" தமிழரசு அழுதே விட்டான். அழுத கையோடு கால்நடை மருத்துவர் பவ்யாவுக்கு போன் போட்டான்.

அவர் வந்து குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். "காயடிச்சதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ரத்தப் பரிசோதனையும் பண்ணிடலாம். அக்கா, நீங்க மட்டும் வெல்லம் எடுத்துட்டுப் போங்க."

கலைவாணி அடி மேல் அடி வைத்துப் போனாள். வேந்தன் கன்றுக்குட்டி மாதிரி அவள் கையிலிருந்த வெல்லத்தை நக்கித் தின்றது. அவளாலேயே நம்ப முடியவில்லை.

"இப்ப சார் போய் அக்கா கையப் பிடிங்க."

பிடித்தான். வேந்தன் பல்லை இளித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் புகுந்து, கலைவாணியை வைக்கோல்போரில் தள்ளிவிட்டு, தமிழரசை மூக்கால் நெட்டி நெட்டிக் கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டு போனது.

பவ்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, வைக்கோலில் கிடந்தவளைத் தூக்கிவிட்டார்.

"பெட்டியோட கிளம்பிடாதீங்கக்கா, வேந்தன் அதுக்குத்தான் காத்துட்டிருக்கு. இத்தன நாளா சாரத்தான் தன்னோட பெட்டைன்னு நெனச்சு, ஒருத்தரையும் கிட்ட விடாம காவல் காக்குது!"