மூக்கரும் மூன்று லாரிச் சோளமும்

“ஏங்க, பால் பொங்கிக் கருகி வீடே நாறுது! பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, தெரியலையா?”

மனைவி கத்திய பிறகுதான் அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், கருகல் வாசனை துளியும் வரவில்லை.

கால்நடைத் தீவன ஆலையில் அவருக்கு மூக்கர் என்றுதான் பெயர். வந்திறங்கும் மக்காச்சோளத்தில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, பூஞ்சை பிடித்ததா இல்லையா என்று சொல்வதுதான் இருபது வருஷ உத்தியோகம். பூஞ்சை நஞ்சு தீவனத்தில் கலந்தால் கோழி கூண்டோடு காலி. அப்பேர்ப்பட்ட மூக்கு ஜலதோஷத்தில் அடைத்துக் கிடந்தது, அதுவும் இன்றைக்குப் பார்த்து!

முதலாளி பூஞ்சை நஞ்சைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்றை வரவழைத்திருந்தார். “இன்னைக்கு மூணு லாரி. நீங்க சொல்றதும் மெஷின் சொல்றதும் ஒத்துப்போனா மெஷினைத் திருப்பி அனுப்பிடறேன். இல்லேன்னா...” என்று இழுத்திருந்தார். அவர் அப்படி இழுத்தால் யாரோ ஒருவருக்கு வேலை போகும்.

“இந்த மாத்திரையைப் போடுங்க. சளி, தும்மல் எல்லாம் கப்சிப்னு அடங்கிடும்” என்றாள் மனைவி.

சில லாரிகளில் மட்டும் சோளத் தூசி ஏறி அடுக்கடுக்காய் வரும் தும்மல்தான் தொழிலில் அவருக்கு ஒரே இடைஞ்சல். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். தும்மல் நின்றது, தூக்கம் வந்தது, வாசனை மட்டும் வரவில்லை. ஆலை வாசலில் மூக்குக்குள் தைலத்தை அப்பினார். கண்ணில் நீர் கொட்டியதுதான் மிச்சம்.

முதல் லாரி வந்தது. டிரைவரிடம் நைசாகக் கேட்டார். “சரக்கு எப்படிப்பா?”

“தங்கம் சார்!”

“தங்கம்” என்று ஒரு பிடியை முகர்வதுபோல் காட்டி அறிவித்தார் மூக்கர்.

லாரிகளை எடைபோட்டு உள்ளே விடும் எடைமேடைப் பெண் நோட்டும் கையுமாக அவர் முகத்தையே பார்த்தாள். “அவ்வளவுதானாண்ணே? இன்னொரு பிடி பாக்குறீங்களா?”

“யாரு மூக்கும்மா இது! சேமிப்புக் குழியில கொட்டச் சொல்லு.”

யாராவது மறுபடி முகரச் சொல்வதற்குள் தடயம் இல்லாமல் போகட்டும் என்று இரண்டாவது லாரியையும் அவசரமாகக் கொட்ட வைத்தார். மூன்றையும் நல்லது என்றால் சந்தேகம் வருமே! மூன்றாவதை எட்டி நின்றே பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“சீச்சீ, ஒரே பூஞ்சை. திருப்பி அனுப்பு!”

எடைமேடைப் பெண் காதிலேயே வாங்கவில்லை. ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு லாரியை உள்ளே விட்டாள். அதுவும் அதே குழியில் விழுந்தது.

லாரிக்கு ஒரு பிடி எடுத்து மெஷினில் சோதித்த முதலாளி, அரைமணி கழித்து முடிவுக் காகிதத்தோடு ஓடி வந்தார். “முதல் ரெண்டும் விஷம்யா! மூணாவதுதான் சுத்தம். மூணையும் ஒண்ணாக் கலந்து வச்சிருக்கீங்களே!” தலையில் அடித்துக்கொண்டே உள்ளே போனார்.

மூக்கருக்கு அழுகையே வந்துவிட்டது. எடைமேடைப் பெண்ணிடம் உண்மையைக் கொட்டினார். “மூக்கு அடைச்சுப்போச்சும்மா. ரெண்டு மாத்திரை போட்டேன். தும்மல் நின்னுதே தவிர, வாசனை துளிகூடத் தெரியல.”

அவள் நோட்டைப் பட்டென்று மூடினாள்.

“உங்க வாசனை யாருக்குண்ணே வேணும்? பத்து வருஷமா நீங்க தும்முனா லாரியைத் திருப்பி அனுப்புறேன், தும்மலேன்னா உள்ள விடறேன்!”