வாப்பாவிடம் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது

பதுளை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

தோஹாவில் இருக்கும் அன்பு மகள் ஷஹீலாவுக்கு, உன் வாப்பா பவாஸின் துணிக்கடைக்குப் பக்கத்துக் கடை தங்கராஜா மாமா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி வடிவம்மாவும் சுகம், கடைக்கூரை ஒழுகுவதைத் தவிர வேறு குறையில்லை. நீயும் மருமகனும் பிள்ளைகளும் நன்றாக இருக்க என் சாமியையும் உன் அல்லாஹ்வையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் உம்மா ரஹ்மத்தும்மா காதில் விழுந்துவிடும் என்றுதான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன்.

விஷயம் இதுதான். வாப்பாவும் உம்மாவும் அடுத்த கிழமை மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறார்கள். டிக்கட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கூட்டிப்போகிறவர்கள் பொறுப்பு. கைச்செலவுக்கு நீ அனுப்பிய ஆயிரம் ரியாலுக்குத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி பவாஸ் என்னிடம்தான் வந்தான். வருஷா வருஷம் கதிர்காமம் முருகன் கோயிலுக்கு ஆள் கூட்டிப்போய்ச் செலவு பார்க்கிற அனுபவம் இந்த பஸாரில் வேறு யாருக்கு இருக்கிறது? நானும் செருப்புக் காவலுக்கு இவ்வளவு, உண்டியலுக்குச் சில்லறை இவ்வளவு, தேங்காய்க்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனேன். உன் உம்மா எட்டிப் பார்த்து, "அண்ணன், அங்க தேங்கா ஒடைக்கிறதில்ல" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. மொட்டை அடிக்கிற கூலி ஒன்றில்தான் இரண்டு வீட்டாரும் ஒத்துப்போனோம்.

மிச்சத்தில் பெரும் பங்கை வீல்செயாருக்கு ஒதுக்கினேன். வாப்பாவின் முழங்கால் கதைதான் உனக்குத் தெரியுமே. கடை ஏணியில் இரண்டு படி ஏறினாலே முனகுகிற மனுசன், அங்கே இரண்டு குன்றுக்கு நடுவே ஏழு தடவை நடக்க வேண்டுமாம்! தள்ளிக்கொண்டு போக ஆள் பிடிக்கக் காசு வேண்டாமா? அந்தக் காசுக்குத்தான் மகளே ஆபத்து வந்துவிட்டது. ஸலாம் சொல்லி வழியனுப்ப வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியோடு வந்து, ஆளுக்கொரு சாமான் கேட்டுவிட்டுப் போகிறார்கள். உன் மாமி நஸ்மியாவுக்கு அபாயா அங்கி வேண்டுமாம், அதுவும் கையில் கல் வைத்தது. அப்புத்தளையில் ரிட்டயராகி இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் வீரசிங்கம், பேரம் பேசாமல் ஒரு கைக்குட்டை வாங்கியறியாத மனுசன், அத்தர் கேட்டார். பூனாகலைத் தோட்டத்துக் கருப்பம்மா சம்பளம் எடுத்த கையோடு பஸ் ஏறி வந்து, "மொதலாளி, அந்தப் புண்ணியத் தண்ணி ஒரு போத்தல் கொண்டாங்க, மறந்துறாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டது. பவாஸும் எல்லாரிடமும் "இன்ஷா அல்லாஹ், கொண்டு வாறேன்" என்று பல்லைக் காட்டுகிறான். வீல்செயார் என்னடா ஆச்சு என்றால், "அது என்னத்துக்கு மச்சான், மெல்ல மெல்ல நடப்பேன்" என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சும்மா இருக்க முடியுமா? கடையை வடிவம்மாவிடம் விட்டுவிட்டு, நஸ்மியா வீட்டுக்கு த்ரீவீலில் போய், அங்கிருந்து அப்புத்தளை பஸ்ஸில் தொங்கி, மழையில் நனைந்து பூனாகலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு வரைக்கும் போனேன். "அவன்கிட்ட இனி ஒண்ணும் கேக்காதீங்க, கேட்டதையும் வேணாம்னு சொல்லிருங்க, அவன் காலு போயிரும்" என்றேன். நஸ்மியா முகத்தைத் தூக்கிக்கொண்டா. வீரசிங்கம் அரை மணி நேரம் இங்கிலீஷில் திட்டினார். கருப்பம்மா மட்டும், "ஐயோ, மொதலாளி காலுக்கு ஆகாதுன்னா எனக்கெதுக்குங்க" என்று கண்ணைத் துடைத்தது. நேற்றோடு மூன்று பேரும் பவாஸிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மிச்சம் நீதான். பிள்ளைகளுக்குப் பொம்மை, பேரீச்சம்பழம் என்று வாயைத் திறக்காதே. "வாப்பா, எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்று இன்றைக்கே சொல்லிவிடு. மாமா பேச்சைத் தட்டாதே.

மருமகனைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் கன்னத்தை என் சார்பில் ஒரு கிள்ளு கிள்ளு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வாடகை கூடாத வீட்டில், நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும்
தங்கராஜா மாமா.

பி.கு.: இதை இன்னும் அனுப்பவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் பவாஸ் கடைக்குப் போனேன். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல், திறந்த சூட்கேசைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னடா என்றால், "ஒத்தரும் ஒண்டும் வாணாமாம் மச்சான். கருப்பம்மாக்குக் கூட வாணாமாம். நான் திரும்பி வரமாட்டேன்டு நெனச்சிட்டாங்களா?" என்கிறான். பாழாய்ப்போன என் புத்தியை என்ன செய்ய? "டேய், எனக்கு ரெண்டு கிலோ பேரீச்சம்பழம் வேணும், நல்லதா, மறந்துட்டு வந்தியோ கடைப்படி ஏற விடமாட்டேன்" என்று கத்தினேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டு கிலோவா? கேக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும்" என்று சண்டைக்கு வந்தான், பார்சலையும் பிரித்துவிட்டான். வீல்செயார் காசை என் கடைப் பெட்டியிலிருந்து எடுத்து உன் உம்மா கையில் கொடுத்துவிட்டேன், அது அவனுக்குத் தெரிய வேண்டாம். வேண்டாம் என்றவர்களைத் திரும்பக் கேட்கச் சொல்லிக் கெஞ்ச, மறுபடி அப்புத்தளை பஸ்ஸுக்கு ஓடுகிறேன். மேலே எழுதியதெல்லாம் வெட்டு. நீ இப்போதே போன் எடுத்து ஏதாவது கேள் மகளே, பாரமானதாகக் கேள். எப்போது வந்து தருவீர்கள் என்றும் கேள்.