நாற்பது கட்டில்கள்

"யாரைப் பாக்கணும்மா?" என்று வாசல் காவலாளி கேட்டபோதுதான், அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்யாமலே வந்துவிட்டோம் என்று தலைமை நர்ஸுக்கு உறைத்தது.

இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவர் அவர். பெரிய டாக்டர்களே அவருடைய வார்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்காமல்தான் நடப்பார்கள். அப்படிப்பட்டவர் இன்று ஒரு கம்பெனி வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் மகளால் வந்தது. அவளுக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒன்று, நகரத்தின் நடுவே கண்ணாடிக் கட்டடம். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்னொன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் செய்கிற இந்தச் சின்னக் கம்பெனி.

"எது அதிகமா தருதோ அதுல சேரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா.

"தினம் எட்டு மணி நேரம் யாரோட இருக்கப்போறேன்னு பாக்க வேண்டாமாப்பா?" என்றாள் மகள்.

அம்மாவுக்கு அதில் முழுச் சம்மதம். ஆனால் ஆளைப் பார்த்து எடைபோடுகிற வித்தை மகளுக்கு வராது, அது தனக்குத்தான் கைவந்தது என்று நினைத்தார். கம்பெனியின் முகவரியைச் சும்மா கேட்பதுபோலக் கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, தப்பு நடந்தால் முதலாளி எப்படிப் பேசுகிறார், வேலை முடிந்து போகிறவர்களின் முகம் எப்படி இருக்கிறது. இவ்வளவுதான் அவர் பார்க்க நினைத்தது.

"அவசரமா பாத்ரூம் போகணும் தம்பி," என்றார்.

காவலாளி மறுபேச்சு இல்லாமல் வழியைக் காட்டினார்.

கழிப்பறை பளிச்சென்று இருந்தது. தரையில் ஈரமில்லை. சோப்பு இருந்தது. தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. 'பரவாயில்லையே' என்று வெளியே வந்தால், எதிரே வரவேற்பறைப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன விஷயமா வந்தீங்க மேடம்?"

"கட்டில் வாங்கணும்."

"எத்தனை?"

ஒன்று என்றால் கையில் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். "நாப்பது," என்று வாயில் வந்துவிட்டது. அவருடைய வார்டில் இருப்பது நாற்பது.

இரண்டு நிமிடத்தில் விற்பனை அதிகாரி ஓடிவந்தார். பின்னாலேயே டீ வந்தது.

"எந்த ஆஸ்பத்திரி மேடம்?"

"இன்னும் பேர் வெக்கல. கட்டிட்டு இருக்கோம்."

"எத்தனை மாடி?"

"நாலு."

"அடேங்கப்பா! இருங்க, முதலாளியையே கூப்பிடறேன்."

முதலாளி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, விரலெல்லாம் எண்ணெய்க் கறையோடு வந்தார். பட்டறைக்குள் அழைத்துப் போய்ப் புது மின்சாரக் கட்டில் ஒன்றைக் காட்டினார்.

"படுத்துப் பாருங்க மேடம்."

நாற்பது கட்டில் வாங்குகிறவர் படுத்துப் பார்க்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

விற்பனை அதிகாரி ஒரு பட்டனை அமுக்கினார். தலைமாடு உயர்ந்தது. இறக்குவதற்காக இன்னொன்றை அமுக்கினார். கால்மாடும் உயர்ந்தது. பதறிப்போய் இரண்டையும் சேர்த்து அமுக்கினார். தலைமை நர்ஸ் பாதி மூடிய புத்தகம்போல ஆகி, முழங்கால் முகவாயை நெருங்கியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

முதலாளி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். கட்டில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வேலை முடிகிற மணி அடித்தது. இருபது பேர் பையோடு அந்த வழியாக வந்தார்கள். கூச்சல் கேட்டுக் காவலாளியும் எட்டிப் பார்த்தார். போகிறவர்கள் முகத்தைப் பார்க்க வந்தவர் தலைமை நர்ஸ். இப்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் ஓடிவந்து கழுத்துக்குத் தலையணை கொடுத்தாள். வீட்டுக்குக் கிளம்பிய மெக்கானிக் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தார். விற்பனை அதிகாரிக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. இப்போது முதலாளியின் சாயம் வெளுக்கும் என்று தலைமை நர்ஸ் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நீ ஏன்யா பயப்படற? நேத்து ஒயர் மாட்டினது நான்தான். தப்பு என்னுது," என்றார் முதலாளி.

அந்த ஒரு பேச்சில் தலைமை நர்ஸுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. குளிர்ந்த வேகத்தில், தான் யாராக வந்திருக்கிறோம் என்பதும் மறந்துபோயிற்று.

"கரண்ட் போனா நோயாளி கதி இதுதானா? கால்மாட்டுல கையால சுத்தற பிடி ஒண்ணு வேணாமா? பக்கக் கம்பி இவ்வளவு தாழ்வா இருந்தா, மயக்கம் தெளியற ஆளு உருண்டு விழுந்துட மாட்டான்? குனிஞ்சு குனிஞ்சு பிரேக் போட எந்த நர்ஸுக்கு நேரம் இருக்கு? இருபத்தாறு வருஷமா கட்டிலோட மல்லுக்கட்டறேன், எனக்குத் தெரியாதா!"

கட்டிலுக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டிப் பார்த்தார்.

"மேடம், நீங்க நர்ஸா?" என்றார் முதலாளி மெதுவாக.

மெக்கானிக் எதையோ திருகினார். கட்டில் இறங்கியது. நாலு மாடி ஆஸ்பத்திரியும் கூடவே இறங்கியது.

"ஆஸ்பத்திரியும் இல்ல, நாப்பது கட்டிலும் இல்ல. என் பொண்ணுக்கு இங்க வேலை குடுத்திருக்கீங்க. இடம் எப்படின்னு பாக்க வந்தேன். மன்னிச்சுடுங்க."

விற்பனை அதிகாரி அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போகிறார்கள் என்று தலைமை நர்ஸ் செருப்பைத் தேடினார்.

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஆர்டர் போனா போகட்டும் சிஸ்டர். அந்தப் பிடி எந்த உயரத்துல இருக்கணும்? கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்களேன்."

அரை மணி நேரம் அவர் வரைந்து காட்டினார். கிளம்பிய இருபது பேரில் பாதிப் பேர் கிளம்பாமல் சுற்றி நின்று கேட்டார்கள். கட்டில் செய்கிறவர்கள் யாரும் இத்தனை வருடத்தில் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் ஒரு சாண் உயர்ந்திருந்தார்.

"நான் வந்தது என் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்," என்று கேட்டுக்கொண்டார். முதலாளி சரி என்றார்.

சம்பளம் கிடக்கட்டும், மகள் சேர வேண்டிய இடம் இதுதான். அவளுக்கு நாசூக்காக எடுத்துச் சொல்ல வேண்டும். பாவம், விவரம் தெரியாத பெண். இப்படி நினைத்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி வாசலுக்கு வந்தார்.

போனில் பேசிக்கொண்டிருந்த காவலாளி, அதை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"உங்க பொண்ணுதாம்மா பேசினாங்க. 'எங்கம்மா ஏதாவது பொய் சொல்லிக்கிட்டு வருவாங்கண்ணே, உள்ள விட்டுடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவங்கள எல்லாரும் எப்படி நடத்துறாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் சேர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்'னு நேத்தே வந்து உங்க போட்டோவக் காட்டிட்டுப் போனாங்க, திங்கக்கிழமையிலேருந்து வர்றாங்களாம்!"