கரகரப்பை எடுத்துவிட்டேன்

அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மச்சினனின் பெட்டியில் அறுந்துபோயிருந்த பேட்டரி வயரைப் பற்றவைக்க வேண்டும்.

மச்சினன் என்றால் சாமுவேல், என் மனைவி எஸ்தரின் தம்பி. கிட்டார் வாசிப்பான். இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு ராக் குழு நடத்திவந்தான். குழுவின் பெயர் 'மீட்டர் கேஜ்'. அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் மின்சார ரயிலும் மீட்டர் கேஜில்தான் ஓடியது. இரண்டுக்கும் சத்தம் அதிகம். இரண்டும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை.

பெட்டி என்பது காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கிடக்கும். பல்லாவரத்தில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பியபோது சாமுவேலிடம் விற்றுவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் சேலையூரில் எஸ்தரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாண வரவேற்பு. அதில் மீட்டர் கேஜின் கச்சேரி. பெயருக்குத்தான் கச்சேரி. உண்மையில் அது விசாரணை.

நீதிபதி என் மாமனார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"ராக் மியூசிக் செத்துப் போச்சு மாப்பிள்ளை. இங்கிலீஷ் பேப்பர்லயே போட்டுட்டான். இவனுக்கு மட்டும் இன்னும் தந்தி வரல" என்பார்.

மகனுக்கு அவர் விதித்த நிபந்தனை எளிமையானது. "கல்யாணத்துல ஒரு தடவ வாசி. ஜனங்க கை தட்டினா கிட்டார வச்சுக்க. தட்டலைன்னா திங்கட்கிழமை அத வித்துட்டு பேங்க் பரீட்சைக்குப் படி."

சாமுவேல் சரி என்றுவிட்டான். பெட்டியின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தான்.

எஸ்தர் காலையிலேயே கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வயர மட்டும் ஒட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க."

"தொடமாட்டேன்."

"மிக்ஸிக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

மிக்ஸியில் ஆடிக்கொண்டிருந்தது குமிழ் ஒன்றுதான். நான் சரிசெய்த பிறகு குமிழ் ஆடவில்லை. சட்னி மட்டும் சீலிங்குக்குப் போனது.

மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் நான். ரேடியோ ரிப்பேர், பழைய புத்தகங்களைப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. தானாகக் கற்றவனிடம் ஒரு குறை உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வயரைப் பற்றவைத்தேன். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அங்கேயே எழுந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் கொடுப்பது நல்ல மெக்கானிக்குக்கு அழகா? வீட்டில் கிடந்த சாமுவேலின் பழைய கிட்டாரைப் பெட்டியில் செருகி, என் ஸ்பீக்கரோடு இணைத்து, ஒரு கம்பியைச் சுண்டினேன்.

துருப்பிடித்த கடை ஷட்டரை இழுத்த மாதிரி ஒரு 'கர்ர்ர்ர்'.

பெட்டியைக் கழற்றிவிட்டு நேராகச் சுண்டினேன். சுத்தமான 'டிங்'.

ஆக, கோளாறு பெட்டியில். பாவம், இந்தப் பையன்கள் இதைக்கூடக் கவனிக்காமல் இத்தனை நாள் வாசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா போனவர் ஏன் விற்றார் என்று இப்போதல்லவா புரிகிறது.

திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு சின்ன டயோடுகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வருகிற ஒலியின் தலையையும் காலையும் வெட்டிக்கொண்டிருந்தன. எந்த மடையன் இவற்றை இங்கே வைத்தான்? இரண்டையும் பிடுங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அதன் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து வந்த நாதம் ஆகாசவாணியில் காலையில் வீணை கேட்கிற மாதிரி இருந்தது. மேலே ஒட்டியிருந்த அழுக்கையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் மேடையிலேயே பெட்டியை அவன் கையில் கொடுத்தேன். முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. போதகர் அன்று மணமக்களோடு நிறுத்தாமல் உலக நாடுகள் எல்லாவற்றுக்கும் ஜெபித்தார்.

மாமனார் முதல் வரிசையில், கைக்குட்டையை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார்.

டிரம்ஸ் முழங்கியது. சாமுவேல் தலைமுடியை உதறினான். காலைத் தூக்கிப் பெட்டியை ஓங்கி மிதித்தான். கையை ஒரு சுற்றுச் சுற்றி கிட்டாரில் இறக்கினான்.

'டிங்.'

மறுபடி மிதித்தான்.

'டிங் டிங்.'

டிரம்ஸ் வாசித்த பையன் குச்சியை நடுவானில் நிறுத்திக்கொண்டான். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அத்தை, "பரவாயில்லையே, இதமா வாசிக்கிறானே. ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வாசிக்கச் சொல்லலாம்" என்றாள்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு மலர்ச்சியை அவர் முகத்தில் என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? செத்தே போச்சு."

நான் மேடையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். என் வேலைப்பாட்டைப் பையன் இன்னும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

கவனித்துவிட்டான். மைக்கிலேயே கேட்டான். "அத்தான், பெட்டில என்ன பண்ணீங்க?"

பந்தலே என்னைப் பார்த்தது. நானும் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன்: "கரகரப்ப எடுத்துட்டேன்."

சாமுவேல் குனிந்து பெட்டியைப் பார்த்தான். பிறகு, அதுவும் மைக்கில்தான், சொன்னான்: "அந்தக் கரகரப்ப வாங்கத்தான் அத்தான் நான் ஆறு மாசம் டியூஷன் எடுத்தேன்."

எஸ்தர் பந்தலின் மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். சீலிங்கில் சட்னி பட்டபோது பார்த்த அதே பார்வை.

டயோடுகள் இருந்தது மேற்குத் தாம்பரத்தில், என் மேஜை மேல். நடுவே ரயில்வே கேட். அது திறக்கும்போது திங்கட்கிழமையே வந்துவிடும். மேடைக்குப் பின்னால் இருந்த மைக் செட் ஏழுமலையிடம் ஓடினேன்.

"ஏழுமலை, கிட்டார் சவுண்டு கெட்டுப்போகணும். அவசரம்."

"இன்னா சார் சொல்ற?"

"கர்ருனு வரணும். காது கிழியணும்."

"மதியானம் சாப்ட்டியா இல்லியா நீ? நானே கல்யாண வூடுன்னு புது செட்டு எத்துனு வந்துகிறேன்."

"பழசு எதுவும் இல்லையா?"

ஏழுமலை யோசித்தார். "மேடைக்கி அடில ஒண்ணு கீது. கட்சி மீட்டிங்குல மழைல நனைஞ்ச ஆம்ப்ளி. அதுல பேசி ஒரு ஆளு டெபாசிட்டையே உட்டுட்டாரு."

"அதைப் போடுங்க."

"அத்த போட்டா நாளைக்கி எவன் சார் என்ன கூப்டுவான்?"

"நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லிக்குங்க. என் பேரு கெடட்டும்."

"அது இப்பவே மைக்குல கெட்டுப்போச்சு சார்" என்றபடி ஏழுமலை குனிந்து அதை வெளியே இழுத்தார்.

கிட்டார் வயரை அதில் செருகினார். அதிலிருந்து ஒரு பழைய குழாய் ஸ்பீக்கருக்கு இணைப்பு. அதைப் பந்தல் காலில், சாலையைப் பார்த்துக் கட்டினார். சாமுவேல் எந்த நம்பிக்கையும் இல்லாமல் ஒரு கம்பியைத் தொட்டான்.

தாம்பரம் மார்க்கெட்டின் ஷட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின.

பந்தலின் மேல்துணியிலிருந்து தூசி கொட்டியது. சண்டே ஸ்கூல் அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சாமுவேலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாட்டைப் பிடித்துக்கொண்டான் பாருங்கள். டிரம்ஸ் பையன் விட்ட இடத்திலிருந்து அடித்து நொறுக்கினான். சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் போய்க் குதித்தார்கள். பிரியாணி மாஸ்டர் கரண்டியோடு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று உள்ளே வந்தார்கள். அடுத்த பஸ்ஸில் இறங்கியவர்களும் வந்தார்கள். முடிந்ததும் எழுந்த கைதட்டலில் ஏழுமலையின் விசிலும் இருந்தது.

மாமனார் எழுந்தார். "செல்லாது. நம்ம ஆளுங்க பாதிப் பேர் காதப் பொத்தியிருந்தாங்க. தட்டினதெல்லாம் பஸ் ஸ்டாப் ஆளுங்க."

எஸ்தர் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "ஜனங்க தட்டினான்னுதானப்பா சொன்னீங்க. சொந்தக்காரங்க தட்டினான்னு சொல்லலையே."

முப்பது வருஷம் பிள்ளைகளிடம் கேள்வியை ஒழுங்காகப் படி என்று சொன்னவர். சாப்பிடப் போனார். அங்கே பிரியாணி அண்டா காலியாக இருந்தது. பஸ் ஸ்டாப் ஜனங்கள் கை தட்டிவிட்டு அப்படியே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமனார் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப் போனதுக்கு நல்லாத்தான் பசிக்குது" என்றார். அதைத்தான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம். கிட்டார் விற்கப்படவில்லை.

ராக் இசை உயிரோடு இருக்கிறதா என்று இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது கட்டுரை எழுதுகிறார்கள். நான் கருத்துச் சொல்வதில்லை. ஒரு தடவை அதைப் பிணமாக்கிவிட்டு நாதம் சுகமாக இருக்கிறது என்று ரசித்தவன் நான்.

அதற்குப் பிறகு நான் ஸ்குரூடிரைவரை எடுத்தாலே எஸ்தர் கேட்பாள்: "அது கெட்டுப்போயிருக்கா, இல்ல அதுவே அப்படித்தானா?" பெரும்பாலும் எனக்குப் பதில் தெரியாது. ஸ்குரூடிரைவரைத் திரும்ப வைத்துவிடுவேன்.

இப்போது கேட்பதற்கு அவள் இல்லை. ஃபிரிட்ஜ் ஒரு வருஷமாகக் 'கர்ர்' என்கிறது.

அதுவே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.