ஏழாவது டிராக்குக்குப் பாட்டு தேடிய கதை

புது இசை ஆல்பங்களைப் பரிந்துரைத்து எழுதுகிறவன் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நானும் அதே வேலையைச் செய்கிறேன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஓர் இணைய இதழில் மாதம் ஒரு பத்தி. சினிமாக்காரர்கள் தயவில்லாமல் சொந்தமாகப் பாட்டு போட்டு வெளியிடுகிறவர்களின் ஆல்பங்களில் எதையெல்லாம் கேட்கலாம் என்று எழுதுவேன். ராப், ஜாஸ், கிதார் கதறல், வீணையை மட்டும் வைத்து முக்கால் மணி நேரம் என்று எல்லா வகையும் வரும். ஆரம்பத்தில் ஒவ்வொரு பாட்டிலும் முதல் அரை நிமிடம்தான் கேட்பேன். (எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்தில் சிக்னல் அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வது. உண்மையில் பொறுமை அவ்வளவுதான்.)

அப்படி அரை நிமிடம் கேட்டுப் புகழ்ந்து தள்ளியதில் ஒன்று, சென்னையில் இருக்கும் நித்யாவின் முதல் ஆல்பம். நன்றி சொல்லப் போன் செய்தவர், அடுத்த ஆல்பம் முழுக்க வேலை செய்கிறவர்கள் பாடும் பாட்டுகள்தான் என்றார். நாற்று நடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஆறு டிராக் முடிந்துவிட்டது. ஏழாவதுதான் பாக்கி.

"எங்கம்மா ஏரியில கையாலயே இறால் புடிப்பாங்க. பாடிக்கினேதான் புடிப்பாங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. பொன்னேரி ஹாஸ்டலில் படித்தவன், விவரம் தெரிந்தபின் ஏரியில் கால் வைக்காதவன். நாற்று நடுகிறவர்களுக்குப் பாட்டு இருக்கும்போது எங்கள் அம்மாவுக்கு இல்லாமலா போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. ஆல்பத்தில் உங்கள் பெயரையும் போடுகிறேன் என்று நித்யா வேறு சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

குறித்த நாளில் நித்யா ரயிலில் வந்து எளாவூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தார். நீளக் கோலின் நுனியில் மைக், காதில் பெரிய ஹெட்போன். மறுநாள் அவர் ஆல்பத்தை முடித்துக் கொடுத்தாக வேண்டும். கையில் இருந்தது அந்த ஒரு காலைதான்.

அம்மாவும் அத்தையும் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்திருந்தார்கள். கையில் சிக்கும் இறால் மோவாய்க்குக் கீழே தொங்கும் பறிக்குள் போகும். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது.

"எப்போ பாடுவாங்க?" என்று நித்யா மெதுவாகக் கேட்டார்.

"இப்பதானே எறங்கிக்கிறாங்க. கொஞ்சம் சூடு புடிக்கணும்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. சூடு பிடித்தது எனக்கு மட்டும்தான். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"யம்மா, எதுனா ரெண்டு வரி பாடும்மா. மானம் போவுது."

அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பறியும் கூடவே ஆடியது. நான் விடவில்லை. கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இன்னாடா பேசுற நீ? நான் பாடுனா பறிய உங்க நைனாவா வந்து கடிப்பாரு?"

பறி தண்ணீரில் விழுந்து கவிழ்ந்தது. பாய்ந்து பிடிக்கப் போன நான் சேற்றில் குப்புற விழுந்தேன். அதைப் பார்த்து அத்தை சிரித்தாள். அத்தையின் பறியும் போயிற்று. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் ஏரிக்கே திரும்பிவிட்டது.

"வாயத் தொறக்க முடியாத வேலைடா இது. உனுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்குத் தெரியாது. எங்கோ இருக்கிறவர்களின் ஆல்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, தன்னைப் படிக்கவைத்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாது. அதைப் பெருமையாகச் சொல்ல ஒரு பாட்டு வேறு தேவைப்பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. கரைக்கு வந்து நித்யாவிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன்.

அவர் ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டார். பிறகு, "நீங்க சும்மா நில்லுங்க, அவங்க வேலைய பார்க்கட்டும்," என்று மைக்கை நீட்டினார். அம்மாவும் அத்தையும் மறுபடி பறியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சேறு சொட்டச் சொட்ட நானும் நின்று கேட்டேன். கைகள் தண்ணீரைத் துழாவும் சத்தம், மூக்கால் விடும் மூச்சு, ஓலையில் இறால் துள்ளும் படபடப்பு. அம்மாவின் மூச்சு எது, அத்தையின் மூச்சு எது என்று போகப்போகத் தெரிந்தது.

அதுதான் ஏழாவது டிராக். பதினொரு நிமிடம், பாட்டே கிடையாது. அட்டையில் அம்மா பெயரும் அத்தை பெயரும் இருக்கின்றன. என் பெயர் இல்லை. நியாயம்தான். அந்த மாதப் பத்தியில் அதை முதலில் வைத்து எழுதினேன்.

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது புது ஆல்பத்தைப் பற்றி நான் அளக்க ஆரம்பித்தால், அத்தை எழுந்துபோய்ப் பறியை எடுத்துவந்து நீட்டுவாள்.

"இந்தா, மொதல்ல இத்தக் கடிச்சிக்கினு கேளு. அப்பறமா எழுது."