ஷூ என்று தீர்மானிக்கப்பட்ட கால்

எங்கள் நகராட்சி விளையாட்டுக்கூடத்துக்குள் வெளி ஷூவோடு யாரும் போனதில்லை; அதை வாசலில் கழற்றிவிட்டு, கூடத்துக்குள் மட்டும் போடும் உள் ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். போன வருடம் தீப்பிடித்தபோது தீயணைப்பு வீரர்கள்கூட வாசலில் பூட்ஸைக் கழற்றி அடுக்கிவிட்டுத்தான் உள்ளே ஓடினார்கள்.

அங்கே ஓடிப் பழக மிட்சுகி வந்தாள். எட்டு வயதில் எலும்புப் புற்றுநோய் அவளுடைய இடது காலை எடுத்துக்கொண்டது. பத்தொன்பதில், வளைந்த கார்பன் தகட்டை மாட்டிக்கொண்டு வடக்குப் பகுதி முழுவதையும் முந்திக்கொண்டிருந்தாள். ஞாயிறன்று தேசிய அணித் தேர்வு. வெளியே இடுப்பளவு பனி.

மேலாளர் ஒனோதெரா தகட்டை நோக்கிப் பணிவாகக் குனிந்தார்.

"அடியில ரப்பர் இருக்கேம்மா. அப்ப அது ஷூ. கழட்டிடுங்க."

"சார், அது என் கால்."

"காலா? ரொம்ப நல்லது. காலுக்கு உள் ஷூ மாட்டணும்."

"இதுல எப்படி சார் மாட்டறது? இது வெளித் தரையைத் தொட்டதே இல்ல. பையிலதான் கொண்டுவந்தேன்."

"அப்ப அதுவே உள் ஷூ. ஆனா உள் ஷூன்னா ஜோடியா இருக்கணுமே."

"கழட்டிட்டு எப்படி சார் ஓட?"

"அது விளையாட்டுப் பிரிவு சொல்லணும். நான் தரைப் பிரிவு."

விவகாரம் ஆலோசனைக் குழுவுக்குப் போனது. தேநீரும் அரிசி பிஸ்கட்டும் தீர்ந்ததும் முடிவு எட்டப்பட்டது: 'மேற்படி உறுப்பு ஷூவே. எனினும் வீராங்கனையின் மனம் புண்படாதவாறு, அதற்கு ஷூ அலமாரியில் காற்றோட்டமான தனி அறை ஒதுக்கப்படுகிறது.'

மிட்சுகி நன்றி சொல்லிவிட்டு, கூரை போட்ட கடைத்தெருவுக்குப் போனாள். கடைகள் திறக்குமுன் ஓடினாள்.

"அடியே, என் இறால் மேல தண்ணி தெறிக்குதுடி!" என்று மீன்கடை ஹிசாயே கத்தினாள். "இன்னும் வேகமா ஓடு, தெறிக்கறதுக்குள்ள தாண்டிடலாம்!"

ஞாயிறன்று மிட்சுகி தேர்வானாள்.

திங்களன்று நகராட்சி, 'நம் கூடம் வளர்த்த வீராங்கனை' என்று பதாகை கட்டியது. எங்களுக்கோ அவளைப் போலவே ஆகும் ஆசை வந்துவிட்டது. அவள் முகம் அச்சிட்ட சட்டையை ஊரே வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு காலையில் கடைத்தெருவில் ஓடினோம். கூடத்துக்கு ஆளே வராததால், மிகத் தூய்மையான தரைக்கான விருது ஒனோதெராவுக்குக் கிடைத்தது.

ஒரு நாள் காலை, தொப்பியும் முகக்கவசமுமாக, தோளில் நீளப் பையோடு ஒரு பெண் கடைத்தெருவுக்கு வந்தாள். கூட்டத்துக்குள் நுழைய வழி தேடி நின்றாள்.

"ஓரமா போம்மா!" என்று நாங்கள் அதட்டினோம். "மிட்சுகி மாதிரி ஓடிட்டிருக்கோம், தெரியல?"

மிட்சுகி ஓரமாகப் போனாள்.